மலைப் பறவை குரூப்புல புதுசா சேர்ந்தவங்களுக்கு: சண்டை வராம வாதம் பண்றது எப்படி?

நீலகிரியில பறவை பாக்கற ஆளுங்க இப்ப ஜாஸ்தி ஆயிட்டாங்க. ஸ்கூல் வாத்தியார், எஸ்டேட் சூப்பர்வைசர், வெலிங்டன்ல ரிடையர் ஆன மிலிட்டரிக்காரர், மசினகுடி பக்கம் ஹோம்ஸ்டே நடத்தறவங்க, காலேஜ் பசங்க, தேயிலை பறிக்கற அக்காங்க, சனி ஞாயிறுல கோயமுத்தூர்ல இருந்து கேமராவோட ஏறி வர்றவங்கன்னு எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்புல இருக்காங்க. இத்தனை விதமான ஆளுங்க வேற எங்கயும் ஒண்ணா உக்காந்து பேசப் போறதில்ல, அதனாலயே இந்த குரூப்புங்க மேல எனக்கு அவ்வளவு அக்கறை. ஆனா புதுசா வந்த ஒருத்தர் தயங்கித் தயங்கி ஒரு ஃபோட்டோ போட்டு "இது என்ன பறவைங்க"ன்னு கேட்டு, யாரோ ஒருத்தர் "இது கூடத் தெரியாதா"ன்னு எழுதி, அதோட அந்த ஆள் வாயே திறக்காம ஒதுங்கிடறது அடிக்கடி நடக்குது. அவர் தினமும் நடக்கற பாதையில என்னென்ன பறவை வருதுன்னு அப்புறம் யாருக்குமே தெரியாம போயிடும்.

புதுசா சேர்றவங்க குரூப்புல எப்படிப் பேசறது, கருத்து வேறயா இருந்தா எப்படிச் சொல்றது, யாராவது சீண்டுனா என்ன பண்றதுன்னு வரிசையா எழுதியிருக்கேன். எல்லாத்துக்கும் அடிப்படை ஒரே ஒரு பழக்கம்தான்: முதல்ல என்ன பாத்தீங்க, என்ன கேட்டீங்கன்னு எழுதுங்க, அதுல இருந்து நீங்க என்ன முடிவுக்கு வந்தீங்கங்கறதை அப்புறம் எழுதுங்க. பறவை பேருக்கும் இது பொருந்தும், ஒருத்தர் பண்ணது தப்புன்னு சொல்ற இடத்துக்கும் பொருந்தும்.

சேர்ந்த உடனே

குரூப் டிஸ்கிரிப்ஷன்ல விதிகள் போட்டிருப்பாங்க, அதையும் பின் பண்ணி வெச்ச மெசேஜையும் படிச்சிடுங்க. அப்புறம் கொஞ்ச நாள் சும்மா கவனிங்க, யார் வார்ப்ளர் (இலைக்குள்ள பூச்சி தேடித் திரியற சின்னக் குருவி) பத்தி நல்லா சொல்றாங்க, யாரு கழுகு வகையில கில்லாடி, எந்த நேரத்துல குரூப் சூடா இருக்கும்னு தானா பிடிபடும். பேரு, ஊரு, பறவை பாக்க ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுதுன்னு ரெண்டு வரி அறிமுகம் போதும். குட் மார்னிங் படம், சாமி படம், ஃபார்வர்டு வேண்டாங்க. மலையில நிறைய பேரு சிக்னல் கிடைக்கற இடத்துல நின்னு டேட்டா போட்டு பாக்கறவங்க, அவங்களுக்கு வேண்டியது பறவை செய்தி மட்டும்தான்.

முதல் கேள்வி கேக்கறப்ப

பாதி சண்டைக்கு ஆரம்பமே கேள்வியில விவரம் இல்லாததுதான். ஒரு மங்கலான ஃபோட்டோ, கீழ "ஐடி ப்ளீஸ்", அவ்வளவுதான் இருக்கும். ஊரு தெரியாது, மாசம் தெரியாது, ஆளாளுக்கு ஒரு பேரு சொல்லி, அவங்கவங்க சொன்னதுக்கு அவங்கவங்க முட்டுக் குடுக்க ஆரம்பிச்சிடுவாங்க. அதனால கேக்கும்போதே எங்க, எப்போ, எந்த மாதிரி இடம்னு எழுதிடுங்க. "ஊட்டி"ன்னு மட்டும் போட்டா பத்தாது, பர்லியார் பக்கத்துக் காட்டுல இருக்கற பறவை வேற, 2,637 மீட்டர் உயரத்துல தொட்டபெட்டாவுல இருக்கறது வேற, முதுமலைக் காட்டுக்குள்ள இருக்கறது வேற, ஆனா வெளியூர்க்காரங்களுக்கு இது மூணுமே ஊட்டிதான். சோலைக்குள்ளயா, தேயிலைத் தோட்டத்து ஓரமா, புல்வெளியா, வீட்டுப் பின்னாடி கேரட் தோட்டமான்னு ஒரு வார்த்தை சேருங்க. சைஸ் சொல்றதுக்கு சென்டிமீட்டர் எல்லாம் தேவையில்ல, சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்காவை விடப் பெருசான்னு சொன்னாலே புரியும். தரையில தத்தி இரை தேடுச்சா, கிளை நுனியில உக்காந்து பூச்சியைப் பிடிச்சுட்டு அதே கிளைக்குத் திரும்பி வந்துச்சா, இதெல்லாம் ஃபோட்டோவுல தெரியாத விஷயம், நேர்ல பாத்த உங்களால மட்டும்தான் சொல்ல முடியும். நீங்க புதுசா இருந்தாலும் குரூப்புல பெரிய ஆளுக்குத் தெரியாத ஒண்ணு உங்ககிட்ட இருக்கு, அதைத் தைரியமா எழுதுங்க.

ஃபோட்டோவை ரொம்ப ஷார்ப் பண்ணாதீங்க. இப்ப வர்ற ஃபோன்ல ஜூம் பண்ணா சாஃப்ட்வேரே இறகு மேல இல்லாத கோடெல்லாம் வரைஞ்சு விட்டுடுது, அப்புறம் அந்தக் கோட்டை வெச்சு நாலு பேரு மல்லுக்கட்டுவாங்க. மங்கலா இருந்தாலும் எடுத்தது எடுத்தபடியே போடுங்க.

மெர்லின் ஆப் வெச்சிருக்கறவங்களுக்குத் தனியா ஒண்ணு. சத்தத்தைக் கேட்டு பேரு சொல்ற ஆப் அது, ஆரம்பத்துல கத்துக்க ரொம்ப உதவும், நானே புதுசா வர்றவங்களுக்கு அதைத்தான் சொல்லுவேன். ஆனா "மெர்லின் சொல்லிடுச்சு"ங்கறதை முடிவான சாட்சி மாதிரி குரூப்புல வெக்காதீங்க. துடுப்புவால் கரிச்சான் மத்த பறவைங்க குரலை அப்படியே திருப்பிக் கத்தும், முதுமலைப் பக்கம் நிறைய இருக்கு, ஆப் ஏமாந்துடும், ஆளும் ஏமாந்துடுவாங்க. "மெர்லின் இப்படிக் காட்டுச்சு, ஆனா பறவையைக் கண்ணால பாக்கல, ரெக்கார்டிங் இதோ"ன்னு போட்டீங்கன்னா கேட்டுட்டு சொல்றவங்க சந்தோஷமா சொல்லுவாங்க.

பேரு விஷயத்துல கருத்து வேறயா இருந்தா

இதைத்தான் நான் ரொம்ப விரிவா சொல்லணும், ஏன்னா நம்ம குரூப்புங்கள்ல தினமும் நடக்கறது இதுதான்.

டிசம்பர்ல குன்னூர்ல எடுத்த ஒரு நீல நிறப் பறவை ஃபோட்டோ வருதுன்னு வெச்சுக்கங்க. ஒருத்தர் நீலகிரி ஈப்பிடிப்பான்ங்கறார், இன்னொருத்தர் இல்ல அது வெர்டிட்டர்ங்கறார். நீலகிரி ஈப்பிடிப்பான் இங்கயே வருஷம் பூரா இருக்கறது, வெர்டிட்டர் குளிர்காலத்துக்கு வடக்க இருந்து வர்றது, ரெண்டும் நீலம், ரெண்டும் அதே மாதிரி கிளையில நிமிந்து உக்காரும், டிசம்பர்ல ரெண்டையும் ஒரே காலையில பாக்க வாய்ப்பு இருக்கு. அப்ப இந்த மாதிரி போகும்:

"இது நீலகிரிதான். நான் இருபது வருஷமா பாக்கறேன்."

"அப்ப இருபது வருஷமா தப்பாப் பாக்கறீங்க."

இதுக்கப்புறம் பறவையைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. இதே விஷயத்தை எப்படி எழுதலாம்னு பாருங்க:

"அண்ணா, எனக்கு இதுல கண்ணுக்கு முன்னாடி கருப்பா ஒரு திட்டு தெரியுது, உடம்பு நிறமும் மயில்துத்தம் மாதிரி பச்சை கலந்த நீலமா இருக்கு. அதனால வெர்டிட்டரோன்னு நினைக்கறேன். வால் ஆரம்பிக்கற இடம் தெரியற மாதிரி வேற படம் இருக்குங்களா? நீலகிரியா இருந்தா அங்க கொஞ்சம் வெள்ளை தெரியும்."

இதுக்கு அந்த அண்ணா கோவப்படறதுக்கு ஒண்ணுமே இல்ல. அவர் திரும்பப் போய் ஃபோட்டோவைத்தான் பாப்பாரு, வெயில் பட்டதால நிறம் வெளுத்துத் தெரியுதுன்னு அவர் சொல்லலாம், சரிப்பா நீ சொல்றதுதான் சரின்னும் சொல்லலாம், எப்படிப் போனாலும் ரெண்டு பேரும் அதே ஃபோட்டோவைத்தான் பாத்துட்டு இருப்பாங்க. கூடவே வாசிச்சிட்டு இருக்கற மத்தவங்களுக்கும் இந்த ரெண்டு பறவையை எப்படிப் பிரிக்கறதுன்னு அன்னிக்கே தெரிஞ்சு போயிடும்.

வயசுல பெரியவர் சொன்னதை மறுக்கறதுக்கு நம்ம ஊர்ல எல்லாருக்கும் தயக்கம் உண்டு. அதுவும் ரிடையர் ஆன ஆபீசர், வாத்தியார்னா இன்னும் ஜாஸ்தி. "சார், நீங்க எதைப் பாத்து பெஸ்ரான்னு சொல்றீங்கன்னு சொன்னா கத்துக்குவேன், எனக்குத் தொண்டையில இருக்கற கோடு மெல்லிசா தெரியுது, அதனால ஷிக்ராவோன்னு ஒரு சந்தேகம்"னு கேளுங்க. பெஸ்ரா, ஷிக்ரா ரெண்டுமே பாக்க ஒரே மாதிரி இருக்கற வேட்டைப் பறவைங்க. பெஸ்ராவுக்குத் தொண்டை நடுவுல கோடு தடிமனா இருக்கும், ஷிக்ராவுக்கு மெல்லிசா இருக்கும், அவருக்கும் அது தெரியும். மரியாதை குறையாம கேள்வியும் வெச்சாச்சு. பெரியவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். "தம்பி"ன்னு கூப்பிடறது நேர்ல பாசமா இருக்கும், ஆனா வாதத்துக்கு நடுவுல "தம்பி, நீ இன்னும் நிறைய கத்துக்கணும்"னு போட்டா அந்தப் பையன் அடுத்த ஃபோட்டோவை இந்த குரூப்புல போடவே மாட்டான். அனுபவம் நிறைய இருக்கறவங்க அந்த அனுபவத்துல இருந்து ஒரு அடையாளத்தை எடுத்துக் குடுத்தா அதுதான் பெரிய உதவி.

சில தடவை ரெண்டு பேரு சொல்றதுமே அவங்கவங்க புத்தகப்படி சரியா இருக்கும். சோலைக்கிளியையும் (பேருதான் கிளி, சோலைக் காட்டுச் சின்னக் குருவி அது) சிரிப்பானையும் எடுத்துக்கங்க. 2017-ல ஆராய்ச்சியாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையோட சோலைப் பறவைங்க மரபணுவை வெச்சு, இந்த ரெண்டு கூட்டத்துக்கும் புதுசா தனித்தனிப் பேரினம் வகுத்தாங்க, ஷோலிகோலா, மான்டெசின்க்லான்னு. பாலக்காட்டுக் கணவாய் நடுவுல இருக்கறதால நீலகிரியில இருக்கறதும் பழனி மலையில இருக்கறதும் ரொம்பக் காலமா பிரிஞ்சே வளந்த தனித்தனி இனங்க. நீலகிரி சிரிப்பானுக்கு நெஞ்சு செம்பழுப்பா இருக்கும், கொடைக்கானல்ல இருக்கற பழனி சிரிப்பானுக்கு நெஞ்சு சாம்பல் நிறத்துல கீத்துக் கீத்தா இருக்கும். பழைய புத்தகம் வெச்சிருக்கறவர் பழைய பேரைத்தான் சொல்லுவார், புதுசா இபேர்ட்ல (பாத்த பறவையைப் பதிவு பண்ற ஆப்) பழகுன பொண்ணு புதுப் பேரைச் சொல்லும், ரெண்டு பேரும் ஒரே பறவையைப் பத்திப் பேசிக்கிட்டே மணிக்கணக்கா சண்டை போடுவாங்க. கொடைக்கானல்காரங்களும் ஊட்டிக்காரங்களும் ஒரே குரூப்புல இருந்தா இது கண்டிப்பா வரும். "நீங்க எந்தப் புத்தகம், எந்த வருஷத்து லிஸ்ட் வெச்சு சொல்றீங்க"ன்னு ஒருத்தர் கேட்டுட்டா போதும், பாதிக்குப் பாதி அங்கயே முடிஞ்சிடும்.

முடிவுக்கு வர முடியலைன்னா விட்டுடுங்க, அது ஒரு குறையே இல்ல. இலைக்குள்ள மறைஞ்சிருக்கற வார்ப்ளருங்கள்ல ரெண்டு மூணு வகை ஃபோட்டோவை மட்டும் வெச்சு சொல்லவே முடியாது, குரல் கேக்கணும். கிரீனிஷ் வார்ப்ளரும் பெரிய அலகு வார்ப்ளரும் அப்படித்தான். இபேர்ட்லயே "ஏதோ ஒரு இலை வார்ப்ளர்"னு பதிவு பண்றதுக்கு இடம் குடுத்திருக்காங்க, அதைத் தயங்காம பயன்படுத்துங்க. "இதுக்கு மேல இந்தப் படத்துல தெரியாது, அடுத்த தடவை சத்தம் ரெக்கார்ட் பண்ணிட்டு வாங்க"ன்னு முடிச்சா கேட்டவருக்கு அடுத்து செய்ய ஒரு வேலையும் கிடைச்சிடும்.

சிக்னல் இல்லாத ஊருக்காரங்களுக்கு

இது நம்ம மலைக்கே உரிய சிக்கல். அவலாஞ்சி பக்கமோ கோடநாடு பக்கமோ காலையில போனீங்கன்னா பல இடத்துல நெட்வொர்க்கே இருக்காது. சாயங்காலம் டவுனுக்குத் திரும்பும்போது மொத்த மெசேஜும் கொட்டுன மாதிரி வந்து விழும். முதல்ல கண்ணுல படற காரமான மெசேஜுக்கு உடனே காரமா பதில் போட்டுடுவீங்க, ஆனா அந்த விஷயம் மத்தியானமே பேசித் தீர்ந்து, மன்னிப்பும் கேட்டு, அடுத்த பறவைக்குப் போயிருப்பாங்க. உங்க மெசேஜ் வந்து ஆறுன நெருப்பை மறுபடி ஊதி விடும். அதனால கடைசி மெசேஜ் வரைக்கும் படிச்சு முடிச்சுட்டுத்தான் டைப் பண்ணவே ஆரம்பிக்கணும். எந்த மெசேஜுக்குப் பதில் சொல்றீங்களோ அதையே வலது பக்கம் இழுத்து ரிப்ளை பண்ணுங்க, இல்லைன்னா வேற யாரோ தன்னைத்தான் சொல்றீங்கன்னு நினைச்சுக்குவாங்க. ஒருத்தர் பதில் சொல்லலைன்னா மதிக்கலைன்னு முடிவு கட்டாதீங்க, அவர் இன்னும் மலை இறங்காம இருக்கலாம், இல்ல கரண்ட் போயி ஃபோன் சார்ஜ் இல்லாம இருக்கலாம்.

கூடு, ஸ்பீக்கர், லொகேஷன்

இது வேற மாதிரி சூடு. பேரு விஷயத்துல தோத்தா கௌரவம்தான் போகும், இங்க ஒரு பறவையோட குஞ்சுங்க உசுரே போகலாம், அதனால கோவம் வர்றது நியாயம்தான். கூட்டை மூடியிருந்த கிளையை ஒதுக்கிட்டு கிட்டப் போய் எடுத்த ஃபோட்டோ, ஸ்பீக்கர்ல குரல் போட்டுக் கூப்பிட்டு எடுத்த ஃபோட்டோ, ராத்திரி ஆந்தை முகத்துல ஃப்ளாஷ் அடிச்சு எடுத்தது, புழு வெச்சு ஒரே கிளைக்குப் பழக்கி எடுத்ததுன்னு எல்லாம் வரும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைக்குக் குடுத்திருக்கற விளக்கத்துலயே பறவையோட முட்டையையும் கூட்டையும் தொந்தரவு பண்றது சேரும், இது புதுசா கேமரா வாங்குன நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது.

தெரியாதவங்களுக்குச் சொல்லணும், கண்டிப்பா சொல்லணும், சொல்ற விதம்தான் விஷயம். "நீயெல்லாம் பறவை பாக்கறியா, பறவையைக் கொல்றியா"ன்னு குரூப்புல போட்டா அந்த ஆள் ஃபோட்டோ போடறதைத்தான் நிறுத்துவார், கூட்டுக்குப் போறதை நிறுத்த மாட்டார், அப்புறம் உங்களுக்குத் தெரியாமயே அது நடந்துட்டு இருக்கும். முதல்ல தனி மெசேஜ் அனுப்புங்க. அதுலயும் பாத்ததையே எழுதுங்க: "அக்கா, படம் ரொம்பக் கிட்ட இருந்து எடுத்திருக்கீங்க போல, சுத்தி இருந்த இலை எல்லாம் ஒதுங்கியிருக்கு. மறைப்பு போயிடுச்சுன்னா காக்காவுக்குக் கூடு ஈஸியா கண்ணுல பட்டுடும், தாய்ப்பறவையும் சில நேரம் திரும்பி வராது. கூடு ஃபோட்டோ நம்ம குரூப்புல போட வேண்டாம்னு விதி இருக்கு, எடுத்துடுறீங்களா?" பெரும்பாலானவங்க உடனே டெலீட் பண்ணிடுவாங்க, மெசேஜ் போட்டு ரெண்டு நாள் வரைக்கும் எல்லாருக்குமே அழிக்க வாட்ஸ்அப்புல வழி இருக்கு. கேக்கலைன்னா அட்மின்கிட்ட சொல்லுங்க, அட்மினால அந்த மெசேஜை எல்லாருக்குமா எடுக்க முடியும். அந்தப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேற குரூப்புல போட்டு மானத்தை வாங்கறதை மட்டும் தயவு செஞ்சு பண்ணாதீங்க, கூடு இருக்கற இடமும் அதோடயே ஊர் பூரா பரவிடும்.

லொகேஷன் விஷயத்துல புதுசா வர்றவங்களுக்கு ஒரு மனக்கசப்பு வரும். "எங்க எடுத்தீங்க"ன்னு கேப்பாங்க, பழைய ஆளுங்க பதிலே சொல்ல மாட்டாங்க, இவங்களுக்கு வேணும்னே மறைக்கறாங்கன்னு தோணும். மாயாறு ஓரத்துல நீர்மருது மரத்துல பாறுக் கழுகுங்க கூடு கட்டுது, ஆந்தை பகல்ல ஒரே மரத்துல உக்காந்திருக்கும், இந்த மாதிரி இடத்தை ஒரு தடவை வெளிய சொன்னா அடுத்த வாரமே ஜீப் ஜீப்பா ஆளு வந்து நிப்பாங்க. அதனாலதான் சொல்றதில்ல. கேட்டவருக்குப் பதில் சொல்லாம விடறதை விட "கூடு இருக்கற இடம்ங்க, அதனால சொல்றதில்ல, ஆனா இதே பறவையை சிம்ஸ் பார்க்குக்குள்ள காலையில போனா பாக்கலாம்"னு, பொதுவா எல்லாரும் போற வேற ஒரு இடத்தைக் காட்டி விட்டா ரெண்டு பக்கமும் மனசு நோகாது. இன்னொண்ணு, வாட்ஸ்அப்புல சாதாரண ஃபோட்டோவா அனுப்புனா உள்ள இருக்கற லொகேஷன் விவரம் போயிடும், தரம் குறையக் கூடாதுன்னு டாக்குமெண்டா அனுப்புனா லொகேஷன் அதோட ஒட்டிக்கிட்டே போகும். அபூர்வப் பறவைன்னா இதைப் பாத்து அனுப்புங்க.

யானை, இ-பாஸ், அரசியல்

பறவை குரூப் உடையறது பல நேரம் பறவையால இல்லைங்க. 2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும்னு கோர்ட் உத்தரவுப்படி வந்துச்சு. கீழ இருந்து வர்றவங்க அதைப் பத்தி அலுத்துக்கிட்டு ஒரு வரி போடுவாங்க, ட்ராஃபிக்ல சிக்கி ஆஸ்பத்திரிக்கே போக முடியாம தவிச்ச உள்ளூர்க்காரங்களுக்கு அது சுருக்னு தைக்கும். மசினகுடி யானை வழித்தடம் அதை விடப் பெரிசு, 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் வழித்தடத்தை உறுதி பண்ணித் தீர்ப்பு சொல்லிடுச்சு, ஆனா அதே குரூப்புல ரிசார்ட்ல வேலை பாத்து வேலை போனவங்களும் இருக்காங்க, யானைக்காக வருஷக்கணக்கா குரல் குடுத்தவங்களும் இருக்காங்க. கூடலூர்ல ராத்திரி வீட்டுச் சுவத்தை யானை இடிச்ச குடும்பமும் அங்கயே இருக்கும். இதெல்லாம் பேச வேண்டிய விஷயம்தான், நேர்ல உக்காந்து பேசுங்க, இல்லைன்னா அதுக்குன்னு தனியா ஒரு குரூப் போடுங்க. பறவை குரூப்புல யாராவது ஆரம்பிச்சா "இங்க வேண்டாம்ங்க, எல்லாருக்கும் இதுல வலி இருக்கு"ன்னு ஒருத்தர் மெதுவா சொன்னா நின்னுடும், ஒரு பறவை ஃபோட்டோவை அடுத்துப் போட்டுப் பேச்சை மாத்தி விட்டாலும் சரிதான்.

கட்சி அரசியல், சாதி, மதம் பத்தி நான் விரிக்கவே போறதில்ல. போடாதீங்க.

உங்களை யாராவது புண்படுத்துனா

முதல்ல ஃபோனைக் கீழ வெச்சுட்டு ஒரு டீ குடிங்க. அப்புறம் அந்த மெசேஜை மறுபடி படிங்க, இந்த குரூப்புல படகர் இருக்காங்க, மலையாளம் பேசற கூடலூர்க்காரங்க இருக்காங்க, கன்னடம் பேசறவங்க இருக்காங்க, தமிழை எழுதிப் பழகாதவங்க டைப் பண்ணா ஒருமையில விழுந்துடும், "சொல்லு", "போடு"ன்னு வந்துடும், அதுல மரியாதைக் குறைவு எதுவும் இருக்காது. சந்தேகமா இருந்தா "நீங்க என்ன அர்த்தத்துல சொன்னீங்க"ன்னு தனியா கேளுங்க. உண்மையிலயே சீண்டுனதுதான்னா "என் மேல கோவம் இருந்தா தனியா பேசலாம்ங்க, இங்க பறவையைப் பேசுவோம்"னு ஒரே ஒரு வரி, அதுக்கு மேல பதில் வேண்டாம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல எந்த வாதத்துக்கும் பதில் போடாம இருக்கறது ரொம்ப நல்ல பழக்கம், காலையில எழுந்து பாத்தா எழுதத் தோணாது.

கோவத்துல வாய்ஸ் நோட் அனுப்பவே கூடாது. டைப் பண்ண வராத அக்காங்க, பெரியவங்க வாய்ஸ்ல பேசறதை நான் ரொம்ப வரவேற்கறேன், தேயிலைக் காட்டுல தினமும் நிக்கறவங்க சொல்ற விவரம் அப்படித்தான் நமக்குக் கிடைக்குது. கோவ வாய்ஸ் வேற. எழுதுனதைப் பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள எடிட் பண்ணலாம், குரல்ல இருந்த சூட்டை எடிட் பண்ண வழியில்ல.

நீங்க தப்பா பேசிட்டீங்கன்னா எங்க பேசுனீங்களோ அங்கயே மன்னிப்பு கேளுங்க. எல்லாரும் பாக்கத் திட்டிட்டு தனியா சாரி சொல்றது பத்தாது. "நேத்து நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கங்க அக்கா, வாலோட வெள்ளை பத்தி நீங்க சொன்னது சரி"ன்னு போட்டா முடிஞ்சது. "யாருக்காவது வருத்தமா இருந்தா சாரி"ங்கற மாதிரி எழுதுறதுக்கு எழுதாமயே இருக்கலாம்.

ரொம்ப மனசு கஷ்டமா இருந்தா குரூப்பை ம்யூட் பண்ணிட்டு ஒரு மாசம் இருங்க. வெளிய போகணும்னாலும் போங்க, இப்பெல்லாம் லீவ் ஆனா அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும், யார்கிட்டயும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல.

நீங்களே ஒரு குரூப் ஆரம்பிச்சா

உங்க ஊருக்குன்னு சின்னதா ஒண்ணு ஆரம்பிக்கணும்னு தோணும், நல்லது. அட்மின் ஒருத்தரா இருக்கக் கூடாது, ஊட்டியில ஒருத்தர், கோத்தகிரியில ஒருத்தர், கூடலூர்ல ஒருத்தர்னு மூணு பேராவது இருக்கட்டும், அதுல ஒரு பெண்ணாவது கட்டாயம் இருக்கணும், ஏன்னா பெண்களுக்குத் தனி மெசேஜ்ல வர்ற தொல்லையை அவங்க ஆம்பளை அட்மின்கிட்ட சொல்றதில்ல. அந்த மாதிரி தொல்லை ஒரு தடவை உறுதியானாலே அந்த ஆளை எடுத்துடுங்க, அதுக்கு மட்டும் ரெண்டாவது வாய்ப்பு கிடையாது. மத்தபடி விதி நாலஞ்சு வரிக்கு மேல போகக் கூடாது, தமிழ்ல இருக்கணும். சண்டை கை மீறிப் போனா அட்மின் மட்டும் மெசேஜ் போடற மாதிரி செட்டிங் மாத்தி ராத்திரி பூட்டிட்டு காலையில திறங்க, பூட்டும்போது ஏன்னு ஒரு வரி எழுதிடுங்க, ரெண்டு பக்கமும் தனித்தனியா ஃபோன்ல பேசுங்க. உங்க நண்பர் தப்பு பண்ணாலும் எல்லாருக்கும் சொல்றதையே அவருக்கும் சொல்லுங்க, புது ஆளுங்க இதைத்தான் உன்னிப்பா கவனிப்பாங்க.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது நேர்ல பாருங்க

இதை விட நல்ல மருந்து எனக்குத் தெரியல. ஃபோட்டோவுக்குக் கீழ முறைச்சுக்கிட்ட ரெண்டு பேரு கோத்தகிரி லாங்வுட் சோலைக்குள்ள ஒரே பைனாகுலரை மாத்தி மாத்திப் பாத்துட்டாங்கன்னா அடுத்த தடவை குரூப்புல பேசற தொனியே மாறிடும். பொங்கல் லீவுல தமிழ்நாடு பூரா பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், பிப்ரவரியில உலகம் பூரா நாலு நாள் கணக்கெடுப்பு ஒண்ணு நடக்குது, இந்தியா அதுல 2013-ல இருந்து கலந்துக்குது. ரெண்டுக்கும் அனுபவம் வேணும்னு இல்ல, ஒரு இடத்துல குறைஞ்சது பதினஞ்சு நிமிஷம் நின்னு பாத்த பறவையை எல்லாம் எண்ணி இபேர்ட்ல ஏத்தணும், தெரியாததைக் கூட வந்தவங்ககிட்ட கேட்டுக்கலாம். பழைய ஆள் ஒருத்தர், புதுசா ஒருத்தர்னு ஜோடி சேத்து அனுப்புங்க, ஏற்கனவே முட்டிக்கிட்டவங்களை முதல் நாளே ஒண்ணா போடாதீங்க, நாலஞ்சு பேரு இருக்கற கூட்டத்துல கலந்து விடுங்க. சோலைக்குள்ள போறதுக்கு வனத்துறை அனுமதி வேணுமான்னு முன்னாடியே கேட்டுக்கங்க. கீழ இருந்து வர்றவங்க இ-பாஸை முந்தின நாளே எடுத்துடுங்க, ஜனவரி காலையில ஊட்டியில புல்லு மேல பனி உறைஞ்சு கிடக்கும், அதனால ஸ்வெட்டர், குல்லா, கையுறை எல்லாம் எடுத்துக்கங்க, கூட ஒரு ஃப்ளாஸ்க் டீயும், ரெண்டு டம்ளரும்.